ராகு காலம் முடியக் காத்திருந்த குழாய்

இருபத்திரண்டு வயதில், தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் மனதார நம்பினேன். காரணம், மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது என் வேலை. (பால் குடிக்கிறவனெல்லாம் மாட்டு வைத்தியனாகிவிட முடியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.)

ஜப்பான்காரன் காலம் அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவன் திரும்பியதாகச் சேதியே இல்லை. நான் குருபோங் கிராமம் தாண்டி, ரப்பர்த் தோட்டங்களும் தாண்டி, ஒரு நாள் நடையில் ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பில் போய் ஒளிந்துகொண்டேன். அந்தக் காட்டின் பூர்வகுடிகள் அவர்கள். தலைவருக்குப் பாத்தின் என்று பட்டம்; நான் மரியாதையாகத் ‘தோக்’ என்பேன். சண்டைக்கு முன்னால், காட்டு மரத்தில் பறித்த பெத்தாய்க்காய் விற்க எங்கள் அக்கா வீட்டுக்கு வருவார். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு இடமும் மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார்.

அங்கே ஒரே கஷ்டம், குடிதண்ணீர். மேலே காட்டுப்பன்றிகள் புரண்டு குளிக்கும் ஓடையில்தான் கீழே இவர்கள் மொண்டு குடித்தார்கள். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தை இறந்தே போய்விட்டது. பாத்தினின் பேரன் ஊஜாங், மூன்று வயதுப் பயல், எலும்பும் தோலுமாகப் பாட்டி மடியில் கிடந்தான்.

“இன்னொரு பிள்ளை போச்சுன்னா இந்த இடம் ஆகாதுன்னு அர்த்தம்,” என்றார் பாத்தின், மலாயில். “எல்லாத்தையும் விட்டுட்டு உள்காட்டுக்குப் போயிடுவோம். நீ அங்க வந்து தாக்குப்பிடிக்க மாட்டே, தம்பி.”

அதாவது, ஊஜாங் பிழைத்தால் நானும் பிழைப்பேன். இல்லையென்றால் எனக்குச் சயாம்தான்.

“தோக், கவலைய விடுங்க. மலாக்காவுக்கே தண்ணி குடுத்தவன் நான்,” என்றேன்.

குன்றின் மேலே ஒரு சுனை இருந்தது. பன்றி ஏறாத இடம். “அங்கிருந்து மூங்கிலைப் பிளக்காமல் முழுசாகப் பூட்டிக் கொண்டுவந்தால் இலை விழாது, அழுக்குச் சேராது” என்றேன். (என் வாழ்நாளில் நான் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.) ஆண்கள் மூங்கில் வெட்டி, இரும்புக் கம்பியால் உள்ளே கணுக்களை உடைத்து, ஒன்றோடொன்று செருகி, மரப்பட்டை சுற்றி, டாமார்ப் பிசினைக் காய்ச்சிப் பூசினார்கள். நான் இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்த்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இன்று ஒரு மகான். ஆனால் முனையில் திருகி மூடும் குழாய் இல்லாமல் சும்மா கொட்டும் தண்ணீரை என் மீட்டர் மனம் ஏற்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துக் காஜா பேராங் போனேன், ஒரு பித்தளைக் குழாய்க்காக.

“டேய் தம்பி, வீட்டு பைப்ப எங்கடா கழட்டுறே?” என்றாள் அக்கா.

“காட்டுக்கு.”

“உன்னையே தூக்கிட்டுப் போகப் பாக்குறானுங்க, நீ பைப்ப தூக்கிட்டுப் போறியா? அறிவு இருக்கா லா உனக்கு?”

இருந்ததா என்று அடுத்த முச்சந்தியிலேயே தெரிந்தது. காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். குழாய் என் இடுப்புச் சாரத்துக்குள் இருந்தது. குனிந்தேன். அதன் மூக்கு என் அடிவயிற்றில் குத்தியதில் “ஐயோ அம்மா” என்று அலறி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சீதபேதி என்று நினைத்தான் போலிருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை விரட்டிவிட்டான். என் புத்திசாலித்தனம் என்னைக் காப்பாற்றியதாக வழியெல்லாம் மெச்சிக்கொண்டே நடந்தேன்.

திறப்பு விழா வியாழக்கிழமை. குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். சூடம் இல்லை, டாமார்ப் பிசினையே கொளுத்தினேன். ஊரே இருமிக்கொண்டு சுற்றி நின்றது. மேலே சுனையைத் திறந்துவிட்டார்கள். மூங்கிலுக்குள் தண்ணீர் சலசலத்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. பெருமையோடு அப்பாவின் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். மணி ஒன்றரை. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று ராகு காலம்!

எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் தும்முவதற்குக்கூட யோசிப்போம். குழாயை இறுக்கி மூடி, “மூணு மணிக்குத்தான் திறக்கணும்” என்று அறிவித்தேன்.

“ஏன்? தண்ணிதான் வந்துடுச்சே?” என்றார் பாத்தின்.

“ராகு விடமாட்டான், தோக்.”

“யாரு அவன்? ஜப்பான் அதிகாரியா?”

“அவனுங்களவிட மோசம்.”

பாத்தின் பயந்துபோய்க் காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி போனது. மூங்கில் முனகத் தொடங்கியது. அவர் எழுந்து அதன்மேல் காது வைத்தார்.

“தம்பி, மூங்கில் அழுவுது. அடைச்சு வெச்ச தண்ணி சும்மா இருக்காது. திற.”

“உங்களுக்கு மூங்கில் தெரியும், எனக்குத் தண்ணி தெரியும்,” என்றேன். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

சரியாக மூன்று மணிக்குக் குழாயில் கை வைத்தேன். திருகவில்லை, வெறுமனே தொட்டேன். அது படீரென்று பிடுங்கிக்கொண்டு வந்து என் நெற்றியில் அடித்தது. பின்னாலேயே கீழிருந்து மேலாக ஒவ்வொரு பூட்டாகத் தெறித்தது. தண்ணீர் சீறியடித்ததில், பாயில் காயப்போட்டிருந்த ஊராரின் மரவள்ளி மாவு முழுவதும் கஞ்சியாக ஓடியது. சேற்றில் மல்லாந்து கிடந்த எனக்குச் சயாம் ரயிலின் ஊதல் காதில் கேட்டது.

அப்போது பாட்டி மடியிலிருந்த ஊஜாங், முகத்தில் தெறித்த தண்ணீரை நாக்கை நீட்டி நக்கினான். மறுபடி நக்கினான். பிறகு சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த கணம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பானைகளோடு ஓடிவந்தது. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பாத்தின் மூங்கிலைத் திரும்பப் பூட்டினார், குழாய் இல்லாமல். இரவு பகலாகத் தண்ணீர் தானாகக் கொட்டியது, மிச்சம் மரவள்ளிக்குப் பாய்ந்தது. ஊஜாங் பிழைத்தான். ஊர் இடம் மாறவில்லை. நான் சயாமுக்குப் போகவில்லை.

சண்டை முடிந்து வீடு திரும்பியதும், ராகு காலம் பார்த்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அக்காவிடம் அங்கலாய்த்தேன்.

“எந்த மணியப் பாத்தே?”

“அப்பா கடிகாரந்தான்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அது டோக்கியோ மணிடா! ஜப்பான்காரன் சொன்னான்னு ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளி வெச்சோமே, மறந்துட்டியா? அவன் சொன்னா ராகு கேப்பானா?”

கணக்கு இதுதான்: நல்ல நேரம் முழுவதும் குழாயை மூடி வைத்துக் காத்திருந்து, ராகு காலம் பிறந்த அதே நொடியில் நான் கை வைத்திருக்கிறேன்.

நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது. ஊஜாங்குக்கு இப்போது பேரப்பிள்ளைகள். டுரியான் பருவத்தில் தவறாமல் கூடையோடு காஜா பேராங் வருவான். கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே நுழைய மாட்டான். வாசலிலேயே நின்று, என் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, உரக்கக் கேட்பான்:

“மாமா, உள்ள வரலாமா? உங்க மணியில எத்தனை?”