பிராக்மன் வீட்டுச் சாய்தளம்

"பிடுங்கிப் போடணுமாம்!" நகராட்சிக் கடிதத்தை மேசைமேல் அறைந்தார் டெட்லெஃப் பிராக்மன்.

பக்கவாதத்தில் கால் விழுந்துபோன மனைவி இர்ம்ட்ரவுட்டின் சக்கர நாற்காலி இறங்குவதற்காக, வாசல் படிகளின்மேல் அவரே பலகை அறுத்துப் போட்ட சாய்தளம் அது. வீடோ முந்நூறு வருஷத்துப் பழசு. புராதனக் கட்டடத்தின் முகத்தை அது கெடுக்கிறதாம்.

சரியென்று சாய்தளத்தைக் குறுக்கினார். அகலம் போதாது, ஆபத்து என்று அடுத்த கடிதம் வந்தது. கைப்பிடி வைத்தார். அது நடைபாதைக்குள் நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருப்பதாக வேறொரு துறை எழுதியது. உள்ளே தள்ளிவைத்துப் பச்சை பூசினார். அந்தத் தெருவில் பச்சைக்கு அனுமதி இல்லை.

"ஏங்க, வெயில் நல்லா அடிக்குது," என்றாள் ஜன்னலோரத்திலிருந்து இர்ம்ட்ரவுட்.

"இரு, அவனுங்களுக்குச் சூடா ஒரு பதில் எழுதிட்டிருக்கேன்."

கடைசியில் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார். அரசாங்க அலுவலகத்தின் மேலேயே சாமானியன் வழக்குப் போடும் இடம் அது.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒருத்தனும் பலகையைத் தொட முடியாது. நீங்க பாட்டுக்கு உபயோகிங்க," என்றார் வக்கீல்.

"விட மாட்டேன் சார்! என் பொண்டாட்டிக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போவேன்!"

மூன்று வருஷம் ஓடியது. பதினாலு கோப்புகள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"ஆத்தங்கரையில செர்ரி பூத்திருக்காம்," என்றாள் அவள் ஒருநாள்.

"அப்படியா?" அவர் அடுத்த மனுவில் காற்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மே மாதக் காலையில் நீதிபதிகளே இடத்தைப் பார்க்க வந்தார்கள். தலைமை நீதிபதி அம்மாள் சாய்தளத்தைப் பார்த்தார், ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்தார், நகராட்சி அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"ஒரு மனுஷி வெளிய வந்து காத்து வாங்கறதைவிட உங்களுக்கு வாசப்படி அழகு பெருசாப் போச்சா?"

அதிகாரி தன் பூட்ஸைப் பார்த்தபடி, "அனுமதி குடுத்துடறோம்மா," என்று முனகினார்.

"ஜெயிச்சுட்டோம் இர்ம்ட்ரவுட்!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார் டெட்லெஃப். அவள் கையசைக்கவில்லை.

பொதுமக்கள் சார்பில் நீதிபதிகளோடு உட்காரும் கிழட்டு மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். அவர் குனிந்து பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"மூணு வருஷம்ன்றீங்க. இதுல ஒரு சக்கரத் தடம்கூட இல்லையேப்பா?"