கூரைக்காகச் சண்டை போட்ட உடும்பும் மைனாவும்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் பின்னால் ஒரு நூலகமும் இருந்தது. இருந்தது என்று தைரியமாகச் சொல்லக் காரணம், பெயர்ப்பலகை இன்னும் விழவில்லை என்பதுதான். கூரை ஓலையில் பாதியை ஆடிக்காற்று கொண்டுபோய்விட்டது.

நூலகர் ஓர் உடும்பு. பெயர் மாசிலாமணி. புத்தகத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டார், பிறவி அப்படி. அந்தப் பிடி தளர்வது ஒரே ஒருவருக்குத்தான். அவர் செண்பகவல்லி என்ற மைனா டீச்சர். மதியச் சாப்பாட்டு வேளையில் நூலக ஜன்னலில் வந்து உட்கார்ந்து, "சார், நாளைக்கு மழைப் பாடம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் மணி அடிக்கும்போது தவளைகளின் கவிதைத் தொகுப்பும் மயிலின் தன்வரலாறும் டீச்சர் மேசையில் இருக்கும். முயல்குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வாசிக்கும். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று இருவருக்கும் தெரியாது.

ஐப்பசி நெருங்கியது. மாசிலாமணி வானத்தைப் பார்ப்பதும் அலமாரியைப் பார்ப்பதுமாக இருந்தார். ஓர் அடைமழை போதும், அத்தனை புத்தகமும் கூழாகிவிடும். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, அந்தப் புத்தகங்கள்தான் எல்லாம். கூரை வேயப் பணம் கேட்டுச் சிங்கத்தின் அலுவலகத்துக்கு எழுதினார். 'கூரைக்கு நிதி இல்லை. பள்ளி நூலகர் – ஆசிரியர் ஒத்துழைப்பு பற்றிய ஆய்வுக்கு நிதி நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை' என்று பதில் வந்தது.

"அது நாமதானே சார்?" என்றார் மைனா டீச்சர். "கேட்டுப் பாப்போம். குடுத்தா அப்படியே கூரையையும் போட்டுக்கலாம்."

நேரில் பார்த்து முடிவு செய்ய ஆய்வு நிதி அலுவலர் வந்தார். ஏகாம்பரம் என்ற நரி. கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் கோப்பு. டீச்சர் பாடத்தைச் சொன்னதையும் மாசிலாமணி புத்தகம் எடுத்துக் கொடுத்ததையும் குட்டிகள் வாசித்ததையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தொங்கிப்போனது.

"என்னங்க இது, ஏற்கெனவே ஒத்துழைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஆமாங்க ஐயா, ரொம்ப வருஷமா," என்றார் மாசிலாமணி பெருமையாக.

"அப்புறம் நான் எதை ஆராயறது? பக்கத்துக் காட்டுல நூலகர் கரடி கணக்கு வாத்தியாரைக் கடிச்சிருக்கார். அதுவல்லவா ஆய்வுக்களம். உங்ககிட்ட ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லையே." நரி கோப்பை மூடினார்.

"ஐயா, கூரைக்காவது ஏதாவது பாத்துச் செய்யுங்க."

"நிதியே வந்தாலும் கூரைல ஒரு ஓலை மாத்த முடியாதுங்க. நல்லிணக்கக் கூட்டம் மட்டும்தான் நடத்தலாம். வடை, டீ, பொன்னாடை, அப்புறம் பேனர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது பேனர் கட்டாயம். இருபதடிக்குப் பத்தடி. சிங்கராஜா படமும் என் படமும் இருக்கணும்."

மாசிலாமணியின் காதில் இருபதடிக்குப் பத்தடி மட்டும்தான் விழுந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் யாரையும் அதட்டியதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பினார்.

"டீச்சர், போன வாரம் நீங்க திருப்பிக் குடுத்த புத்தகத்துல எச்சம் இருந்துச்சு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மாசிலாமணியின் பார்வை போன திசையில் கூரையைப் பார்த்தார். புரிந்துபோயிற்று.

"எச்சமா? நீங்க நாக்கால பக்கம் திருப்புறதைவிடவா சார் அது அசிங்கம்? பிளவு நாக்கு வேற. ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் திரும்புது."

நரியின் காது இரண்டும் நிமிர்ந்தன. "அடடா, உள்ளுக்குள்ள இவ்வளவு புகையுதா," என்று கோப்பைத் திறந்து நிதிக்குக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நல்லிணக்கக் கூட்டம் அமர்க்களமாக நடந்தது. இருவரும் மேடையில் பொன்னாடை மாற்றிச் சமாதானமானார்கள். கூட்டம் கலைந்ததும் மாசிலாமணி பேனரை அவிழ்த்து, கவ்விக்கொண்டு கூரைமேல் ஏறினார். வடக்குப் பக்கம் மூடியாயிற்று. கிழக்குப் பக்கம் மூட இன்னொரு சண்டை வேண்டியிருந்தது.

மதிய வேளைகளில் ஜன்னலில் இப்போது இரண்டு வேலை நடந்தது. முதலில் நாளைய பாடம், பிறகு நாளைய சண்டை.

"நாளைக்கு என்னைப் பல்லின்னு திட்டுங்க டீச்சர். அதுதான் எடுபடும்."

"மனசு வரலையே சார்."

"கூரையை நினைச்சுக்குங்க."

அப்போதும் டீச்சருக்கு வாய் வரவில்லை. முரட்டு முதலை என்று மட்டும் திட்டி, கிழக்குப் பக்கத்தை வாங்கிக் கொடுத்தார். அட்டை கிழிந்தது, அகராதி தொலைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லித் தெற்கும் நடுவும் மூடினார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நனைந்து நரி வந்து சேர்ந்தார், ஆய்வின் பலனை எழுதிக்கொண்டு போக. உள்ளே குட்டிகள் ஈரம் படாமல் வாசித்துக்கொண்டிருந்தன. நரி அண்ணாந்து பார்த்தார். நாலு பேனரிலும் அவருடைய முகம் கைகூப்பிச் சிரித்தது. அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

"மத்த இடத்துல எல்லாம் கூட்டம் முடிஞ்சதும் என்னை மாட்டுக்கொட்டகைக்குப் போட்டுடறாங்க. நீங்கதான் தலைக்கு மேல வச்சிருக்கீங்க." கோப்புக்குள்ளிருந்து ஒரு வடையை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். "சரி, சொல்லுங்க. இப்ப ஒத்துழைப்பு வந்துடுச்சுதானே? வந்துடுச்சுன்னா இதோட திட்டத்தை முடிச்சுடலாம்."

மாசிலாமணி ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மேற்கு மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. நேராகத் தவளைகளின் கவிதைத் தொகுப்பின்மேல் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

மாசிலாமணி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மூலையைப் பார்த்தார். வடையைக் கீழே வைத்தார். சிறகைச் சரிசெய்துகொண்டார்.

"போடா பல்லி," என்றார்.

மாசிலாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவ்வளவு பிரியமாக அவரை யாரும் திட்டியதில்லை. நரி பெருமூச்சு விட்டு, அடுத்த பேனருக்குக் கையெழுத்துப் போட்டார்.

நீதி: ஒற்றுமையாக இருப்பவர்களுக்கு நிதி கிடைக்காது. ஆகவே நன்றாகக் கலந்து பேசி, விட்டுக்கொடுத்து, ஒருவருக்கொருவர் துணையாக நின்று சண்டை போடுங்கள். பேனரின் நீள அகலத்தை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.