அடியில் இருந்த சட்டை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தறிக்காரர் சௌடையாவுக்கு இந்த ஆடியில் எங்கிருந்தோ வீரம் பறந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

“இந்தக் கல்யாணத்துக்கு என் சட்டைய நான்தான் எடுப்பேன். நீ தலையிடக் கூடாது” என்றார் மனைவியிடம்.

காளீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “எடுங்க” என்றாள்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இத்தனை சுருக்கமாக அவள் எதற்கும் சம்மதித்தது கிடையாது. மனுஷர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வீரம் வந்தவனுக்கு விவேகம் எங்கே வருகிறது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். உங்களுக்காகத்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். வீட்டுக்குள்ளேயே காளீஸ்வரி தமிழுக்கு மாறினாள் என்றால் விஷயம் பெரிது. தெருவுக்கும் புரிய வேண்டும் அல்லவா!

கல்யாணம் அவளுடைய தம்பி பாலமணிகண்டனுக்கு, ஆவணியில். வீட்டு மாப்பிள்ளை என்கிற முறையில் சௌடையா முன்வரிசையில் நிற்க வேண்டும். போட்டோ எடுப்பார்கள். அவருக்கு வலித்தது அந்த இடத்தில்தான். போன மாதம் மகள் ஸ்ருதி பழைய ஆல்பங்களைப் புரட்டிவிட்டு, “ஏம்ப்பா, எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே சட்டையத்தான் போட்டுட்டுப் போனீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

ஒரே சட்டை இல்லை. ஏழு சட்டை. ஏழும் காளீஸ்வரி எடுத்தது, ஏழும் அழுக்குத் தெரியாத காப்பிப்பொடிக் கலர். ஊர் உலகத்துக்கெல்லாம் கலர் கலராகச் சேலை நெய்கிற மனுஷனுக்கு, உடம்பில் போட ஒரு நல்ல கலர் கிடையாது. ஒரே ஒரு தடவை, தானே பார்த்து, தானே ஆசைப்பட்டு எடுத்த சட்டையோடு போட்டோவில் நின்றுவிட வேண்டும். பாவம், அதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இல்லை.

காளீஸ்வரி பக்கமும் நியாயம் உண்டு. ஒரு தள்ளுபடியில், ‘மூணு எடுத்தால் ரெண்டு இலவசம்’ என்ற பலகையைப் பார்த்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சட்டைகளை அள்ளி வந்தார். முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் ஊதாவானது. கூட ஊறிய காளீஸ்வரியின் வெள்ளைப் பாவாடையும் ஊதாவானது. ஐந்தும் இப்போது தறி துடைத்துக்கொண்டிருக்கின்றன.

“அந்த ஊதாச் சட்டைய ஞாபகப்படுத்தாத. அது அப்ப. இப்ப எனக்குன்னு சட்டம் இருக்கு” என்றார் சௌடையா. “ஒன்னு, இலவசம்னு போட்டிருக்கிற பக்கம் திரும்ப மாட்டேன். ரெண்டு, மேல அடுக்கி வச்சிருக்கறதத் தொட மாட்டேன். நல்ல சரக்கு அடியிலதான் கெடக்கும். மூணு, நூல உருவிப் பத்த வச்சுப் பருத்திதானான்னு பாக்காம எடுக்க மாட்டேன்.”

“அம்புட்டுதானா?”

“நாலாவது ஒன்னு இருக்கு. நீ நல்லாருக்குன்னு சொல்றத எடுக்கவே மாட்டேன்!”

“ரொம்ப நல்லது” என்றாள் காளீஸ்வரி. இது நடந்தது திங்கட்கிழமை. மறுநாள் அவள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் பஜாருக்குப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜவுளிக்கடைக்குக் கிளம்பினார்கள்.

கடையில் தேர்க்கூட்டம். ஆம்பளைச் சட்டைப் பிரிவில் சோலையம்மாள் என்கிற விற்பனைக்காரம்மா நின்றிருந்தாள்.

“வாங்கண்ணே, மூணு எடுத்தா...”

“மூணும் வேணாம், முப்பதும் வேணாம். ஒன்னே ஒன்னு. நாப்பத்திரண்டு சைஸு. அடியில இருக்கறத எடு.”

“மேலயே நல்லா இருக்கேண்ணே?”

“யம்மா, நான் தறிக்காரன். என்கிட்டயேவா!”

காளீஸ்வரி ஒரு காப்பிப்பொடிச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். “இது நல்லாருக்குங்க.”

“நாலாவது சட்டம்!” என்றார் சௌடையா.

முதல் அடுக்கின் அடியில் ஒன்றும் தேறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது அடுக்கின் அடியில் கையை விட்டு இழுத்தார். வெங்காயச் சருகுக் கலரில் ஒரு சட்டை வந்தது. அடடா! எத்தனை பேருக்கு இந்தக் கலரில் சேலை நெய்து கொடுத்திருப்பார்!

“அய்ய, இந்த வயசுல இந்தக் கலரா? பாக்கறவுக சிரிப்பாக. வைங்க கீழ” என்றாள் காளீஸ்வரி.

பிறகு கீழே வைப்பாரா? மடிப்பின் உள்பக்கத்தில் நகத்தை விட்டு ஒரு நூலை உருவினார். சட்டையும் கையுமாக வாசலுக்கு ஓடித் தீக்குச்சியைக் கிழித்தார்.

“யோவ், இங்க பீடி குடிக்கக் கூடாது!” என்று காவலாளி விரட்டினார்.

“பீடி இல்லய்யா, சட்டை!”

நூல் காகிதம் மாதிரி வாசம் அடித்து எரிந்தது. சாம்பல் விரலில் பொடிந்தது. உருகவில்லை, உருண்டை கட்டவில்லை. “சுத்தப் பருத்தி!” என்று சௌடையா போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. பை போட்டுக் கொடுக்கும்போது சோலையம்மாள் சிரித்தாள். நம்முடைய தொழில் ஞானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று சௌடையா நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தார். “அப்பா, சூப்பரா இருக்குப்பா!” என்று ஸ்ருதி கத்தினாள். கண்ணாடியில் நின்ற ஆளைப் பார்த்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இவன் எங்கே போயிருந்தான்?

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் காளீஸ்வரி.

“அப்பிடி வா வழிக்கு. தொழில் தெரிஞ்சவன் எடுத்தா இப்பிடித்தான் இருக்கும். இந்தா, நூல் உருவின எடத்தப் பாரு” என்று மடிப்பைத் திருப்பிக் காட்டினார். நூல் போன இடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடும் தெரிந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தறிக்காரன் கண் பொய் சொல்லாது. ரெண்டு கோடு.

“காளி, நான் ஒரு நூலுதான உருவினேன்?”

“ஆமா. இன்னொன்னு நான் உருவினது, செவ்வாக்கெழமை. பருத்தியா இல்லன்னா நீங்க வேற சட்டைக்குப் போயிருவீகள்ல? அதான் முன்னாடியே பத்த வச்சுப் பாத்துக்கிட்டேன்.”

“அப்ப, அடியில இருந்தது?”

“சோலையம்மா என்கூடப் படிச்சவ.”

“பின்ன எதுக்குடி நல்லால்லன்னு சொன்ன?”

“நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பீகளா?”

சௌடையா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கோபமாகச் சட்டையைக் கழற்றி எறியலாம்தான். மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது சட்டை.

காளீஸ்வரி பக்கத்தில் வந்து காலரைச் சரிசெய்தாள். “ஸ்ருதி கேட்டது எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சுங்க. ஏழையும் எடுத்தவ நான்தான. நீங்களா எடுத்ததாவும் இருக்கணும், நல்லதாவும் இருக்கணும். வேற என்ன செய்ய?”

சௌடையா சட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஆம்பளை அல்லவா? எழுந்து நின்று, குரலை உயர்த்தினார். “சரி, சட்டை போகட்டும். நாளைக்கு வேட்டி எடுக்கப் போறேன். தனியா! ஒருத்தரும் கூட வரக் கூடாது!”

காளீஸ்வரி தமிழுக்கு மாறினாள்.

“தாராளமாப் போயிட்டு வாங்க. ரெண்டாவது அடுக்குல, அடியில இருக்கு.”