எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியும்

மாற்றத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் யாரும் காலை ஆறு மணி பூண்டுலோயா பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு பேசுவதில்லை. வெளிச்சம் போட்ட அறையில், இஸ்திரி போட்ட சட்டையோடுதான் பேசுகிறார்கள். அப்படி ஒருவர் ஒருநாள் என் போனில் ஒரு வீடியோவில் வந்து, பழகிய இடத்தை விட்டு வெளியே வராதவர்கள் வளரவே மாட்டார்கள் என்றார். அவர் யார், எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறார் என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் ஐந்து வருடமாகப் போனுக்கு ரீலோட் போட்டு, போட்டோகாப்பி அடித்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல முடியாத வேலை. முதலாளி நல்லவர், கரண்ட் போனால் அரட்டை. நான் போன மறுநாளே என் நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோதுதான், நான் வளர ஆரம்பித்துவிட்டேன் என்பது உறைத்தது.

பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், பழைய தோட்டத்துத் தொரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். வெள்ளைக்கார விருந்தாளிகளைத் தேயிலைக்குள் கூட்டிப்போய் விளக்கம் சொல்ல, இங்கிலிஷ் தெரிந்த ஆள் தேவை என்றார்கள். மனேஜர் சிங்களவர், சாந்தமான மனிதர், தமிழும் பேசுவார். என் சர்டிபிகேட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ் தோட்டத்து ஆள்தானே? கொழுந்து பறிக்கத் தெரியும்தானே?"

"தெரியும் சேர்" என்றேன்.

தெரியாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, ஜன்னலைத் திறந்தால் தேயிலை முகத்தில் அடிக்கும் வீட்டில் இருந்தவள் நான். ஆனாலும் ஒரு கொழுந்தைக்கூட ஒழுங்காகக் கிள்ளியதில்லை. காரணம் அம்மா. முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற அம்மா, என்னை மலைப்பக்கமே விட்டதில்லை. லீவு நாளில் சும்மா கூட வருகிறேன் என்றாலும் விரட்டிவிடுவாள். "ஒங் கையில மை கற இருக்கட்டும், கொழுந்துக் கற வேணாம்" என்பாள். (போட்டோகாப்பி மெஷின் புண்ணியத்தில் மைக் கறைக்குப் பஞ்சமில்லை.)

அதனால் அம்மாவிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஹோட்டலில் ஆபீஸ் வேலை என்றேன். அவள் மூன்று லயத்துக்கும் சொல்லிவிட்டாள். ஆக, மனேஜரிடம் ஒரு பொய், அம்மாவிடம் ஒரு பொய். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காதவரை பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். ஒரு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றிருந்தார் மனேஜர். சரிவராவிட்டால் திரும்பிப்போகக் கடை நாற்காலியும் இல்லை.

முதல் நாள் எனக்கு யூனிபோர்ம் கொடுத்தார்கள். நான் கோட்டும் சப்பாத்தும் எதிர்பார்த்தேன். வந்தது, கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சேலை, புதுக் கூடை, இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சாக்குப் படங்கு, ஒரு நீளக் கம்பு. பழகிய இடத்தை விட்டு வெளியே வரச் சொன்னவர், வெளியே வந்தால் கொழுந்துக்கூடை மாட்டிவிடுவார்கள் என்று சொல்லவே இல்லை.

முதல் இரண்டு வாரம் விருந்தாளிகள் வந்தார்கள், தேயிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், போனார்கள். நானும் கூடையோடு நின்று சிரித்தேன். பல் தெரியச் சிரிப்பதற்கு அனுபவம் தேவைப்படவில்லை. மூன்றாம் வாரம் ஜெர்மனியிலிருந்து வயதான தம்பதி ஒன்று வந்தது. அவர்களுக்குப் படம் வேண்டாமாம், நிஜமாகவே பறிக்க வேண்டுமாம். ஹோட்டலைச் சுற்றியிருந்த தேயிலையைக் கவாத்து வெட்டிவிட்டதால், பறிக்க ஒன்றும் இல்லை. மனேஜர் பக்கத்துத் தோட்டத்தில் மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குப் போன் போட்டு ஏற்பாடு செய்துவிட்டார். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. வேன் எங்கள் கோயில் முடக்கில் திரும்பியபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

மலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிரையில் அம்மா. சிவப்புச் சேலையில், ஒரு கொழுந்தும் பார்த்திராத கூடையோடு வேனிலிருந்து இறங்கிய என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து பறிக்க ஆரம்பித்தாள். அவள் கை மட்டும் வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். வாயால் சொல்வது சுலபம், இரண்டு இலை ஒரு மொட்டு. கையால் செய்தபோது கீரை ஆய்வது போல ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். கிள்ளியதில் பாதி நாலு இலையோடு, காம்போடு வந்தது. ஜெர்மன்காரர் கவனமானவர். மற்றப் பெண்கள் கம்பைத் தேயிலை மேல் படுக்க வைத்திருக்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் ஊன்றி நடக்கிறீர்கள் என்று கேட்டார். அது மட்டம் பார்த்துப் பறிக்க வைக்கும் மட்டக்கம்பு என்று எனக்கு அன்றைக்கு வரை தெரியாது. பாம்பு விரட்ட என்று சொன்னேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கங்காணி மாரியண்ணன் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மரம் மொட்டையாவதைப் பொறுக்க முடியாமல் இறங்கி வந்தார். என் கூடைக்குள் கையை விட்டு முத்தல் இலைகளைப் பிடிபிடியாக அள்ளி வெளியே வீசினார். மிஞ்சியது ஒரு ரசத்துக்குப் போடுகிற கறிவேப்பிலை அளவு. ஜெர்மன் அம்மாவின் கூடையைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினார். அதன்பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க செல்லம்மாக்கா, இது ஒங்க மகதானங்க?"

மலை முழுக்கக் கை நின்றது. அம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை.

"எம் மக ஹோட்டல்ல ஆபீஸ்ல இருக்கு" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "இது யாரோ."

எனக்குக் காது சுட்டது. மாரியண்ணன் நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்து, "யாரா இருந்தாலும் இதுக்கு அரப்பேருகூடப் போட ஏலாது" என்றார். தோட்டத்தில் சொன்ன நிறை பறித்தால்தான் முழுநாள் பேர் விழும், குறைந்தால் பாதி நாளுக்கு அரைப்பேர். எனக்கு அதுவும் இல்லை. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ன சொல்கிறார் என்று ஜெர்மன்காரர் கொப்பியைத் திறந்தபடி கேட்டார்.

வேறு பொய் கைவசம் இல்லாததால் உண்மையைச் சொன்னேன். எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது, அந்தக் கம்பு பாம்புக்கு இல்லை, அதோ அந்த நீலச் சட்டைக்காரர் என் அம்மா, முப்பது வருடமாகப் பறிக்கிறார், இன்றைக்கு என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பாம்பை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தை எழுதிக்கொண்டார்.

சாயங்காலமே அந்தத் தம்பதி எல்லாவற்றையும் மனேஜரிடம் ரசித்துச் சொல்லிவிட்டார்கள். மனேஜர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் பெருமூச்சு விட்டார். கூடையை வைத்துவிட்டு நாளையிலிருந்து புக்கிங் போனைப் பாருங்கள் என்றார். பிறகு, உங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாரா என்று கேட்டார்.

அன்றிரவு அம்மா சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனேஜர் கேட்டதைச் சொன்னேன். காட்டுறதுக்குக் கொழுந்து பறிக்க நான் என்ன கூத்தா ஆடுறேன் என்றாள். அடுத்த ஞாயிறு விடியும்போது தலை சீவித் தயாராக நின்றாள்.

அம்மா ஹோட்டலுக்கு வர ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. பழகிய இடத்தை விட்டு வெளியே வரச் சொன்ன அந்த வீடியோவை அவள் பார்த்ததே இல்லை. முதல் ஞாயிறு பங்களாவின் முன்வாசல் படி ஏறமாட்டேன் என்று பின்கதவில் நின்றவள், இப்போது முன்வாசலில் கால்மேல் கால் போட்டு டீ குடிக்கிறாள். விருந்தாளிகள் தப்பாகக் கிள்ளினால் கையிலேயே ஒரு தட்டு தட்டுகிறாள். அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அம்மா தமிழில் பேச, நான் மொழிபெயர்க்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு வாரமும் என்னைக் காட்டி அந்தக் கதையை ஆரம்பிப்பாள். கம்பை ஊன்றி நடந்தது, கங்காணி இலையை வீசியது, அரைப்பேர் கிடைக்காதது என்று ஒன்று விடாமல் சொல்வாள். என் மானம் போன கதையை நானே வரி வரியாக இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டிலும் குழம்பு தீய்ந்தால் எனக்கு அரைப்பேர்தான்.

கதை முடிந்ததும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார், அன்றைக்கு ஏன் மகளைத் தெரியாது என்றீர்கள் என்று.

"இருபத்தாறு வருஷமா எம் மகள மலைக்கு வராம வச்சிருந்தேன்" என்பாள் அம்மா. "ஆமா, எம் மகதான்னு சொல்லியிருந்தா, அவளும் மலைக்கு வந்துட்டான்னு ஆயிருக்குமில்ல."

அவர்கள் மொழிபெயர்ப்புக்காக என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பறித்த லட்சணத்தைப் பார்த்து வெட்கப்பட்டாராம் என்று சொல்லிவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.