யாரும் பார்க்க வரவேண்டாம்னு நான் போட்ட பதிவு

வெள்ளிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். செஞ்சியில பஸ் ஏறி, தொண்டூர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போயி, மூணு நாள் சும்மா படுத்திருக்கணும்.

சும்மா படுக்கறதுல இன்னா தப்பு நடக்கும்னு நானும்தான் நெனச்சேன்.

எனக்குப் பன்னெண்டு வருஷமா சுகர். அதுக்குத் துணையா ஆறு வருஷமா பிரஷர். டாக்டரம்மா மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்துப் பார்த்தாங்க. ரெண்டும் இறங்கல. கடைசியில, "வீட்டுல ஏதாவது டென்ஷனாய்யா?"ன்னு கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் சம்சாரம் அஞ்சலை முந்திக்கிட்டா.

"வெளிய இருந்து ஒண்ணும் வர்றதில்ல டாக்டரம்மா. அவரே தயாரிச்சிக்குவாரு. யாரு எப்ப இன்னா சொன்னாங்கன்னு நெனச்சி நெனச்சிப் பல்லைக் கடிப்பாரு."

இதையும் மனசுல வச்சிருக்கேன்.

"மூணு நாள் எங்கனா அமைதியான இடத்துல போயி இருங்க. திங்கட்கிழமை வந்து டெஸ்ட் எடுங்க. அப்பவும் இறங்கலன்னா இன்சுலின்தான். தினமும் நீங்களே வயித்துல குத்திக்கணும்"னாங்க டாக்டரம்மா.

முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன் நான். மூணாவது மாடி சாரத்துல நின்னு பீடி பத்த வச்சவன். ஊசின்னு சொன்னதும் நாற்காலிக் கையை கெட்டியாப் பிடிச்சிக்கிட்டேன்.

நடுவுல உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்லணும்.

போன வருஷம் சுகர் ஏறி ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தேன். யாரு வந்து பார்த்தாங்க, யாரு பார்க்கலன்னு நோட்டுப் போட்டு எழுதல. அதுக்கு அவசியமே இல்ல. எல்லாம் மண்டையில இருக்குது. மொத்தம் பதினோரு பேரு வரல. ஒருத்தன்கிட்டயும் ஆறு மாசம் பேசல. ஒருத்தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகல. இன்னொருத்தன் டீக்கடையில என்னைப் பார்த்துச் சிரிச்சான். டீயைப் பாதியில வச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

அப்புறம் பத்துப் பேரு வீட்டுக்கு வந்து, பழம் குடுத்து, மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க. பதினோராவது ஆளு என் மச்சான் ஏழுமலை. அஞ்சலைக்குத் தம்பி. அவன் வரவும் இல்ல, வரலையேன்னு வருத்தப்படவும் இல்ல.

அவனுக்கும் தொண்டூர்தான்.

"என் தம்பி இருக்கற ஊராச்சே, பரவால்லையா?"ன்னா அஞ்சலை.

"அவன்தான் எட்டியே பார்க்காத ஆளாச்சே. எனக்கு அமைதிதான வேணும்?"னேன்.

பஸ்ல உட்கார்ந்து ஒரு தப்புப் பண்ணேன். இந்த முகநூல்ல ஒரு பதிவு போட்டேன். உங்கள்ல நெறைய பேரு பார்த்திருப்பீங்க. "உடம்பு சரியில்லை. மூன்று நாள் தொண்டூரில் தங்கை வீட்டில் ஓய்வு. யாரும் பார்க்க வரவேண்டாம்." அதோட, கண்ணை மூடித் தலையைச் சாய்ச்சா மாதிரி ஒரு போட்டோ.

தங்கச்சி ராணி வீடு ஊர்க் கடைசியில, மல்லாட்டைக் கொல்லை ஓரமா. நீங்க வேர்க்கடலைம்பீங்க. புங்கமரத்தடியில கயித்துக்கட்டில் போட்டு வச்சிருந்தா. படுத்தேன். காத்து அப்படி ஒரு காத்து! முக்கால் மணி நேரம் யாரு மேலயும் எனக்குக் கோபமே வரல. எனக்கே பயமாப் போச்சு.

அப்பதான் ஒரு வண்டி வந்து நின்னுது. ஓட்டு வீட்டு கோவிந்தன். கையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலு.

"வரவேணாம்னுதான போட்டிருந்தேன்?"

"போன தடவையும் 'யாரும் அலைய வேணாம்'னுதாண்ணா போன்ல சொன்ன. நானும் நம்பி சும்மா இருந்துட்டேன். என் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு நீ வரல. எனக்கு இன்னொரு பொண்ணு இருக்குதுண்ணா!"

அப்பதான் எனக்கு லேசா உறைச்சது. நான் வராதீங்கன்னு சொன்னா, ஊர்ல அதை வேற மாதிரி படிக்கறாங்க.

நோயாளியைப் பார்க்க வந்தா சும்மா போகக்கூடாதுன்னு கோவிந்தன் ஒரு கதையும் சொன்னான்.

"எங்க சித்தப்பாவுக்கும் இதே சுகர்தாண்ணா. கட்டை விரல்ல ஒரு சின்னப் புண்ணு. விரலை எடுத்தாங்க. அப்புறம் பாதத்தை எடுத்தாங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"போயிட்டாரு. நீ தைரியமா இருண்ணா."

அன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள ஏழு பேரு. ஆளுக்கொரு சித்தப்பா.

சனிக்கிழமை காலையில ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்னுது. பின்னாடி என்கூட வேலை பார்த்த கொத்தனாருங்க, சித்தாளுங்க எல்லாரும் நின்னுக்கிட்டு வந்திருந்தாங்க. தலைவன் பக்கிரி. அவனுக்குக் கலவை மிஷின் பக்கத்துலயே நின்னு நின்னு குரலு அதே மாதிரி ஆயிடுச்சி.

"மேஸ்திரி! இன்னா இப்படி இளைச்சிப் போயிட்ட?"

இளைக்கணும்னுதான்டா டாக்டரு சொல்லுது!

ஆப்பிளு, ஆரஞ்சு, பன்னு, ரஸ்க்கு. "எனக்கு சுகர்டா"ன்னா, "ஒரு பழம் இன்னா பண்ணும்?"னு ஆளுக்கொரு பழம். பதினாலு பேரு இருந்தா அது எத்தினி ஒரு பழம்? ராணி காபி போட்டுப் போட்டுக் களைச்சிப் போயி என் காதாண்ட வந்து சொன்னா. "அண்ணா, நீ ரெஸ்ட் எடுக்க வந்தியா, இல்ல எனக்கு ரெஸ்ட் இல்லாம பண்ண வந்தியா?"

அதுக்குள்ள பக்கத்து ஊரு கோயில் உபதேசியாரு சைக்கிள்ல வந்து இறங்கினாரு. அவரு வீட்டுக்கு நான்தான் தளம் போட்டேன். தங்கமான மனுஷன். என் தலை மேல கையை வச்சி ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு. ஜெபம் முடிஞ்சுதான்னு கண்ணைத் திறந்து திறந்து பார்த்தேன். முடியல. பக்கிரி நடுநடுவுல ஆமென் போட்டான். ஒவ்வொரு ஆமெனுக்கும் என் பிரஷர் ஒரு படி ஏறுச்சி.

கண்ணு முன்னாடி ஊசி வந்து நின்னுது.

"பாத்ரூம் போயிட்டு வரேன்"னு சொல்லி, மாத்திரை டப்பா, தண்ணி பாட்டிலு, துண்டு மூணையும் எடுத்துக்கிட்டுக் கொல்லைப் பக்கமா நடையைக் கட்டினேன்.

ஊருக்கு வெளிய ஒரு பாறைக்குன்று இருக்குது. அந்தக் காலத்துல சமண சாமியாருங்க படுக்கறதுக்காகப் பாறையிலயே வெட்டின படுக்கை அங்க உண்டு. மூச்சு வாங்க ஏறினேன். ஏறிட்டுப் பார்த்தா, கொத்தனாரா சொல்றேன், வேலைன்னா அது வேலை! மட்டம் அவ்வளவு சுத்தம். தலைமாட்டுல தலகாணியும் கல்லுலயே செதுக்கி வச்சிருக்காங்க. ஊரை விட்டுத் தப்பிச்சி வந்தவனுக்குத்தான் இப்படி இடம் தேடத் தோணும். துண்டை விரிச்சிப் படுத்தேன்.

பக்கத்துப் படுக்கையில இருந்து இருமல் சத்தம்.

திரும்பினா, மச்சான் ஏழுமலை! மல்லாந்து படுத்திருக்கான். தலைமாட்டுல என்கிட்ட இருக்கற மாதிரியே ஒரு மாத்திரை டப்பா.

நானும் பேசல, அவனும் பேசல. பத்து நிமிஷம் ஆச்சு. சும்மா சொல்லக்கூடாது, கோவிந்தன் வந்ததுக்கு அப்புறம் கிடைச்ச முதல் அமைதி அதுதான். ஆனா மனசுல வச்சிருக்கறது வயித்துல வாயு மாதிரி. வெளிய வந்துடுச்சி.

"நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ஒரு நாள் வந்து பார்த்தியா?"

"வரல."

"இப்ப ரெண்டு நாளா உங்க ஊர்லயே இருக்கேன். அப்பவும் வரல."

"ஆமா."

"ஏன்டா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"மாமா, எனக்கும் பிரஷரு. எனக்கும் அதே டாக்டரம்மாதான். டென்ஷன் குடுக்கற ஆளுங்க கிட்டயே போகாதன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. யோசிச்சிப் பார்த்தேன். எனக்கு டென்ஷன் குடுக்கற ஆளு ஒருத்தருதான் இருக்காரு."

"யாரு?"

என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

கோபம் வந்திருக்கணும். நியாயமா வந்திருக்கணும். அதுக்குள்ள கீழ இருந்து கலவை மிஷின் குரலு.

"அதோ மேல துண்டு தெரியுது! மேஸ்திரீ! ஹார்லிக்ஸை விட்டுட்டு வந்துட்ட!"

ஏழுமலை என் மூஞ்சியைப் பார்த்தான். அவனுக்கு இன்னா தோணுச்சோ, சட்டுனு என் கையைப் பிடிச்சி இழுத்தான்.

"மாமா, பின்னாடி ஒரு வழி இருக்குது. குனிஞ்சி வா."

ரெண்டு சுகர்க்காரனுங்க, இல்ல, ஒரு சுகரு ரெண்டு பிரஷரு, பாறையைப் பிடிச்சிப் பிடிச்சி இறங்கி, மல்லாட்டைக் கொல்லை, கரும்புக் கொல்லை, ஏரிக்கரைன்னு சுத்தி, அவன் கெணத்தாண்ட இருக்கற மோட்டார் கொட்டாய்க்குப் போயிச் சேர்ந்தோம். ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே? சொல்லல. நிம்மதியாத் தூங்கினேன்.

ஞாயித்துக்கிழமை மோட்டார் கொட்டாயையும் கண்டுபிடிச்சிட்டாங்க. மகளிர் குழு மொத்தமும் தட்டுல சாத்துக்குடி வச்சிக்கிட்டு வரப்பு மேல வரிசையா வந்தாங்க. மறுபடியும் குன்று. மறுபடியும் ஏரிக்கரை. அன்னைக்கு மூணு தடவை ஏறி இறங்கினோம். மூணாவது தடவை ஏழுமலை சிரிச்சான். நானும் சிரிச்சிட்டேன். யாரும் பார்க்கல.

திங்கட்கிழமை டெஸ்ட். ரிசல்ட் வர்ற வரைக்கும் வயித்தைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. மறுபடியும் சீட்டைப் பார்த்தாங்க.

"நல்லா இறங்கியிருக்கே! பிரஷரும் பரவால்ல. இப்போதைக்கு ஊசி வேணாம். பாத்தீங்களா, ரெஸ்ட் எடுத்தா எப்படி வேலை செய்யுது!"

"ஆமாம்மா. ரொம்ப ஓடி ஓடி எடுத்தேன்."

அஞ்சாங்கிளாசோட நின்னவன் நான், எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. கீழ வந்து தப்பு சொல்றவங்க பேரு எனக்கு மறக்காது.

போன வாரம் ஏழுமலை காய்ச்சல்ல படுத்திருக்கான்னு சேதி வந்தது. "போயி ஒரு எட்டு பார்த்துட்டு வாயேன்"னு அஞ்சலை கெஞ்சினா.

போகல. அவன் மேல எனக்கு இப்ப அவ்வளவு பாசம்.