மண்ணரையில் ரத்தான கிறிஸ்துமஸ்

புதிதாக ஓர் உண்மையைத் தெரிந்துகொண்ட மனுஷியோடு ஒரே வீட்டில் குடியிருப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. என் கணவர் தேவராஜ் அந்தக் கொடுமையை ஒரு டிசம்பர் மாதம் முழுக்க அனுபவித்தார். உண்மையைத் தெரிந்துகொண்ட மனுஷி நான்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் செக்கிங். அந்த லைனில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் மட்டும்தான் என்பதால் எங்கள் கிறிஸ்துமஸுக்கு அங்கே தனி மவுசு. டிசம்பர் பிறந்ததுமே இவர் வாசலில் ஸ்டார் கட்டிவிடுவார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மரம், அதன்மேல் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பஞ்சு. (திருப்பூரில் பனி ஏது? பஞ்சுதான் பறக்கும்.) வீட்டு ஓனர் சரசக்கா அந்த மரத்தைப் பார்ப்பதற்கென்றே தன் சொந்தக்காரர்களை அழைத்து வருவார்.

அந்த வருஷம் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் போனில் ஒரு பிரசங்கம் கேட்கத் தொடங்கினேன். கோட்டு போட்ட ஓர் அண்ணன் பேசினார். டிசம்பர் இருபத்தைந்து ஆண்டவர் பிறந்த நாளே இல்லையாம். ரோமாபுரிக்காரர்கள் சூரியனைக் கும்பிட்ட திருவிழாவாம். மரம் வேறு ஏதோ தேசத்துச் சாமிக்கு உரியதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. செக்கிங் வேலை பார்க்கிறவளுக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லித் தரவா வேண்டும்? பனியனில் ஓட்டை தேடிய கண் பண்டிகையில் ஓட்டை தேடக் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலமே அறிவித்தேன். "இந்த வருசம் நம்ம வீட்டுல கிறிஸ்துமஸ் கிடையாது."

ஸ்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏளா ஜெசி, என்ன சொல்லுத?"

"எல்லாம் அந்தக் காலத்துச் சூரிய பூசை. ஒண்ணும் வேண்டாம்."

"ஸ்டாரு பைபிள்லயே இருக்குல்லா?"

"அது கர்த்தர் வானத்துல வச்சது. இது நீங்க கடையில வாங்கினது."

"சூரியன்தான் பிரச்சினைன்னா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறமே, ஞாயிறுன்னா என்னளா?"

"அது கிழமை."

அவர் என் கழுத்தைப் பார்த்து, "அப்ப இந்தத் தாலி?" என்றார்.

"அது வேற."

(எது வேறு, எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு விஷயம் முடிந்திருக்கும். நல்லவர்களால் வரும் தொல்லை இதுதான்.)

அவர் ஸ்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டார். சவரம் செய்வதையும் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "யாருக்காகப் பண்ணணும்? பண்டிகையா வருது?" என்றார். தாடி வளர்ந்தது. அதை விசுவாசத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, எங்கள் சபை வாலிபர்களிடம் கேரல் பாட எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பாவம், பயந்த பிள்ளைகள். வேறு வீட்டுக்குப் போக எங்கள் வாசலைக் கடந்தாக வேண்டும். ஆகவே தெருமுனையிலேயே டிரம்மை நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து, ஓசைப்படாமல் நடந்து போனார். ஆட்டம் பார்க்க வாசலில் கூடியிருந்த லைன் ஜனமெல்லாம் அதைப் பார்த்தது. பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தது.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் சரசக்கா மெல்ல ஆரம்பித்தார். "ஏனுங் கண்ணு, இந்த வருசம் ஸ்டாரு கட்டுலீங்களா?"

ரோமாபுரி, சூரியன், கோட்டு போட்ட அண்ணன் என்று எல்லாவற்றையும் குழாயடியில் எப்படி விளக்குவது? முகத்தைப் பரிசுத்தமாக வைத்துக்கொண்டு, "இல்லக்கா, இந்த வருசம் நாங்க பண்டிகை கொண்டாடல. மனசு ஒப்பல," என்றேன்.

சரசக்கா குடத்தைக் கீழே வைத்தார். "தம்பி அப்பாவோட ஆப்ரேசனுக்குன்னு போன மாசம் ஊருக்குப் போனாருங்களே, என்னாச்சுங்?"

என் மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்து, நன்றாகக் குணமாகியிருந்தது. அதைத்தான் சொன்னேன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா. மாமாவுக்கு இனிமே ஒரு வலியும் இல்ல. கர்த்தர் பாத்துக்கிட்டாரு."

சரசக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுலையே கண்ணு," என்று என் கையைப் பிடித்தார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்ததற்கு இவ்வளவு உருகுகிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு என்று நினைத்தபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அப்பா இறந்தால் மகன் தாடியோடு திரிவான் என்பதும் தெரியும். தெரிந்தது எதுவும் அந்த மாதம் என் மண்டையில் வேலை செய்யவில்லை. முழு இடத்தையும் ரோமாபுரி பிடித்திருந்தது.

அதன்பின் என்னைச் சுற்றி அற்புதங்கள் நடந்தன. எப்போதும் கத்துகிற சூப்பர்வைசர் ராமசாமி அண்ணன் நான் ஓட்டைப் பனியன் ஒன்றைப் பாஸ் செய்ததைக் கண்டும், "பரவால்லீங்க, வீட்டுக்கு வேணா நேரத்துல கிளம்புங்க," என்றார். பக்கத்து அறையிலிருந்த ஒடிசாக்காரத் தம்பதி டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். சரசக்கா சோறும் ரசமும் கொண்டுவந்து, "அடுப்புப் பத்த வெக்க வேண்டாங் கண்ணு," என்று வைத்துவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா?" என்று இவரிடம் பெருமையடித்தேன். "நாம சத்தியத்துல நின்னா ஜனங்க எப்படி மதிக்காங்க பாருங்க."

"ரசம் நல்லாருக்கு," என்றார் அவர்.

இருபத்தைந்தாம் தேதி விடிந்தது. இவர் மட்டும் தாடியோடும் பழைய சட்டையோடும் கோயிலுக்குப் போனார். அது சாதாரண நாள் என்று உலகத்துக்கு நிரூபிக்க நான் வாசலோரம் வாளியில் போர்வைகளை ஊறவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். தலைநிமிர்ந்தபோது எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. சரசக்கா, லைன் ஜனங்கள், கம்பெனியிலிருந்து நாலைந்து பேர், எல்லாரும் வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ராமசாமி அண்ணன் மடியில் பெரிய ரோஜா மாலை ஒன்று இருந்தது.

எனக்குப் புல்லரித்தது. மாலை எனக்குத்தான் என்றே நினைத்தேன். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயசு.) ஓடிப்போய்க் கையைத் துடைத்து, பைபிளை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன்.

"நீங்க எல்லாரும் எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தேன். சரசக்கா விசும்பினார். "இந்த ஒரு மாசமா நாங்க எதை இழந்தோம்னு நீங்க பாத்தீங்க. ஆனா இழந்ததுல எனக்குச் சந்தோசம்தான்."

ராமசாமி அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் என் மாமனார் இறங்கினார். ஒரு கையில் கேக் பெட்டி. இன்னொரு கையில் விரித்த குடை அளவுக்கு ஒரு ஸ்டார். மகன் போனில் புலம்பியதைக் கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். நாற்காலிகளையும் மாலையையும் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது. ஸ்டாரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த சரசக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "என்னம்மா, யாருக்கு என்ன?"

சரசக்கா அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. "இந்த ஊட்டுத் தம்பியோட அப்பா தவறிட்டாருங் சாமி. மொதப் பண்டிகைங்களே, படத்துக்கு மாலை போட்டு ஆறுதல் சொல்ல வந்தோமுங்."

"எந்தத் தம்பி?"

"கட்டிங் மாஸ்டரு தேவராஜுங்."

மாமா கேக் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு, "எப்ப?" என்று கேட்டார்.

"போன மாசமாட்டங்க. ஆப்ரேசன்ல போய்ட்டாரு. மருமகப் புள்ள வாயால சொல்லுச்சுங்."

மாமா என்னைப் பார்த்தார். கையிலிருந்த பைபிள் நழுவி, போர்வை ஊறிய வாளிக்குள் விழுந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"எம்மா ஜெசி," என்றார் மாமா. "என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா தாயி?"

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுதி மாளாது. சரசக்கா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். ராமசாமி அண்ணன் மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். உயிரோடிருக்கிற மனுஷனைச் செத்ததாகச் சொல்லிவிட்டோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்று சரசக்காவுக்கு நடுக்கம். உள்ளே ஓடி உப்பும் மிளகாயும் அள்ளி வந்தார்.

"சாமி, கெழக்கப் பாத்து நில்லுங்க. சுத்திப் போட்டரோணும்."

நான் பதறிப்போனேன். மாமா ஊர்ச் சபைக் கமிட்டியில் இருப்பவர். "மாமா! இதெல்லாம் நம்ம செய்யக் கூடாது!" என்று கத்தினேன்.

மாமா கிழக்கே பார்த்து ஒழுங்காக நின்றார். "சும்மா இரு தாயி. அந்தப் பிள்ள எனக்காவப் பயந்து நடுங்குது. நான் நின்னா என்ன கொறஞ்சிரும்? உப்பை அவ சுத்தட்டும், நான் மனசுக்குள்ள அவளுக்காவ செபம் பண்ணுதேன்."

சரசக்கா சுற்றி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அதை மறுக்க அந்தக் கோட்டு அண்ணனாலும் ஒரு வசனம் எடுத்துத் தந்திருக்க முடியாது.

கோயிலிலிருந்து திரும்பிய இவர், தெருவில் கூட்டத்தையும் நடுவில் அப்பாவையும் பார்த்து ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் நேரே சலூனுக்குப் போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் கேக் சாப்பிடாமல் போகவில்லை. ஸ்டாரை ராமசாமி அண்ணன்தான் நாற்காலிமேல் ஏறிக் கட்டினார். நான் ஈர பைபிளைப் பக்கம் பக்கமாக வெயிலில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் இருபத்தைந்து பற்றி அந்தக் கோட்டு அண்ணன் சொன்னது சரியா, தப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் கேட்டேன். "பிறந்த தேதி தெரியாதுதான் ஜெசி. பிறந்தது தெரியும்லா?" என்றார். சரி, அதோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேற்கொண்டு ஆராய்ந்தால் யாரைச் சாகடிப்பேனோ என்று பயம்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரும் பிறந்ததும் போன் செய்வார். நலம்கூட விசாரிக்க மாட்டார். எடுத்த எடுப்பில், "எம்மா ஜெசி, இந்த வருசம் நான் இருக்கேனா, போய்ட்டேனா?" என்பார். பக்கத்தில் பிள்ளைகள், இவர், சில சமயம் சரசக்கா எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். "இருக்கீய மாமா," என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் பஸ்ஸுக்கு டிக்கெட் போடுவார்.