நடுநிலை தவறாத பல்

நடுநிலை தவறாத விஞ்ஞானம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள், அந்தப் பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். லிஃப்ட் வேலை செய்யாது. விஞ்ஞானம் செய்யும்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அங்கே நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். கீழ்வரிசைக் கடைசிப் பல் அவரைத் தூங்கவிட்டு ரொம்ப நாளாயிற்று. 'ஒரு சின்ன ஆராய்ச்சி'க்குச் சம்மதித்தால் வேர் சிகிச்சை இலவசம் என்றார்கள். சம்மதித்தார். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்களோடு தினமும் ரோட்டில் போகிறவருக்கு இதில் என்ன பயம்?

ஆராய்ச்சி இதுதான். பல்லின் வேருக்குள் ஓடும் குழாய்களைக் கழுவ மூலிகைச் சாறு உசத்தியா, ரசாயனம் உசத்தியா? மூலிகைக் கட்சி, டாக்டரம்மா. ரசாயனக் கட்சி, அவருடைய கணவர். நடுவர், துறைத்தலைவர்; அவர் டாக்டரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது வாத்தியாரின் பல் மட்டும்தான்.

"ஒரே பல்லு. ஒரு குழாய்ல வேப்பிலைச் சாறு, இன்னொண்ணுல பிளீச்சிங் தண்ணி. சண்டை வேணாம்" என்றார் தலைவர்.

"யாருண்ணே சண்டை போட்டா? பாத்ரூம் கழுவுறதை வாயில ஊத்தலாமான்னு கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"மச்சான், உங்க தங்கச்சி கஷாயத்துல இதுவரைக்கும் ஒரு கிருமி செத்ததில்ல. எனக்குத்தான் வயித்தால போச்சு."

ஊசி போட்டதில் வாத்தியாரின் தாடை மரத்துவிட்டது. தலைவர் தன் திருக்கரத்தாலேயே ஒரு பச்சை ரப்பர் விரிப்பை வாய்க்குமேல் இழுத்து மாட்டினார். விரிப்பின் ஓட்டை வழியே ஒரே ஒரு பல் தலைநீட்டியது. சுவரில் இருந்த டிவியில் அது பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. வெள்ளை வெளேர். சொத்தையின் சுவடே இல்லை.

வாத்தியாருக்குப் பகீரென்றது. வலிக்கிற பல் இதுவல்ல. இதற்குப் பின்னால் இருப்பது.

"ஆ... ஆ..." என்றார். விரலால் பின்பக்கம் காட்டினார்.

தலைவர் அந்த விரலை மென்மையாக மடக்கி அவர் வயிற்றின்மேல் வைத்தார். "பயப்படாதீங்க. பெரிய காரியத்துல பங்கெடுக்கிறீங்க."

மெஷின் கிர்ரென்று இறங்கியது. வாத்தியாரின் வலது கால் தானாக எதையோ மிதித்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, அவர் பக்கம் பிரேக் இல்லை.

"என் பக்கம் நுரை வருது, பாருங்க" என்றார் கணவர்.

"சோப்புலகூடத்தான் வருது" என்றார் மனைவி.

அடுத்த வாரம் முடிவு வந்தது. இரண்டு குழாய்களிலிருந்தும் எடுத்த ஈரத்தைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. "மூலிகையும் ரசாயனமும் சரிசமம்" என்று தலைவர் அறிவித்தார். கைதட்டல். கணவனும் மனைவியும் ரொம்ப காலத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். நடுவில் நின்ற வாத்தியாரின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்ததால், அவரைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் வாத்தியார் தலைவரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க குடைஞ்சது நல்ல பல்லு. நோகுறது அதுக்குப் பின்னாடி இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா குடைஞ்சீங்க?"

தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சொத்தைப் பல்லைத் தொட்டிருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் தோத்திருப்பாங்க" என்றார். "நான் அவங்க வீட்டு மாடியிலதாங்க குடியிருக்கேன்."